விமானக் காட்சிக்குப் போகும் முன்: கேமராவைத் தூக்கவும் இறக்கவும் தெரிய வேண்டும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்துக்குப் பிறகு சமூகக் கூடத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு இதழில் தருகிறோம்.)

நம் வாட்ஸ்அப் குழுவில் கொஞ்ச நாளாக ஒரே பேச்சு, அடுத்த ஏரோ இந்தியாவுக்கு வேன் பிடித்துப் போகலாமா என்பதுதான். பெயர் கொடுத்தவர்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், எழுபதைத் தாண்டிய தாத்தா பாட்டிகளும் இருக்கிறார்கள். போர் விமானத்தைப் படம் எடுப்பது எப்படி என்று எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்று செயலாளர் என்னிடம் கேட்டார்.

சொல்கிறேன். கேமராவை எப்படித் தூக்குவது என்பதை அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். எப்போது இறக்கி வைப்பது என்பதற்குத்தான் கொஞ்சம் யோசனை வேண்டும். வேனில் ஏறிய பிறகு அதைப் பேச நேரம் இருக்காது. அதனால் இரண்டையும் இன்றே பேசிவிடலாம்.

நமக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது

தர்மபுரியில் விமானத்தளம் இல்லை. ஆனாலும் நாம் இருக்கும் இடம் இந்தப் பொழுதுபோக்குக்கு வசதியான இடம்தான். வடக்கே பெங்களூரு, மேற்கே கோவை சூலூர், கிழக்கே சென்னை. மூன்று திசையிலும் விமானப்படைக்கு வேலை இருக்கிறது.

ஏரோ இந்தியா 1996-ல் தொடங்கியது. பெங்களூருவில் எலகங்கா விமானப்படைத் தளத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் பிப்ரவரியில் நடக்கிறது. கடைசியாக 2025 பிப்ரவரி 10 முதல் 14 வரை 15-வது கண்காட்சி நடந்தது. அமெரிக்காவின் எஃப்-35, ரஷ்யாவின் எஸ்.யு-57 என்ற எதிரெதிர் முகாம்களின் இரண்டு விமானங்களும் ஒரே இடத்துக்கு வந்தது அந்த ஆண்டின் பெரிய செய்தி. முதல் மூன்று நாள் வியாபாரத்துக்கு வருபவர்களுக்கு, கடைசி இரண்டு நாள் பொதுமக்களுக்கு. இந்தக் கணக்குப்படி அடுத்தது 2027-ல் வர வேண்டும். தேதி அறிவித்ததும் அதிகாரபூர்வ இணையதளத்தில் மட்டும் டிக்கெட் வாங்குங்கள். அரங்குகளைப் பார்க்க ஒரு வகை டிக்கெட், வானில் நடக்கும் சாகசத்தை மட்டும் பார்க்க வேறு வகை டிக்கெட். படம் எடுக்கத்தான் போகிறோம் என்றால் இரண்டாவதே போதும்.

பெங்களூரு நமக்குப் பக்கம் என்று நினைத்து யாரும் தாமதமாகக் கிளம்ப வேண்டாம். கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போகும் நாம் நகரத்தின் தென்கோடியில் நுழைகிறோம். எலகங்கா இருப்பது வடகோடியில். ஊர் முழுவதையும் கடந்தாக வேண்டும். கண்காட்சி நாளில் அந்தக் கடைசிப் பகுதிதான் பொறுமையைச் சோதிக்கும்.

சூலூர், ஹெலிகாப்டர் சாகசக் குழுவான 'சாரங்'கின் தாய் வீடு. தேஜஸ் விமானங்களின் 45-வது, 18-வது படைப்பிரிவுகள் வேர்விட்டதும் அங்கேதான். 2024 ஆகஸ்ட் 6 முதல் 14 வரை 'தரங் சக்தி' பன்னாட்டு விமானப் பயிற்சியின் முதல் கட்டம் சூலூரில் நடந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் நாடுகளின் விமானங்கள் வந்தன. ஆனால் அது பயிற்சி, காட்சி அல்ல. நம்மைப் போன்றவர்கள் அதன் படங்களைப் பாதுகாப்பு அமைச்சகமும் விமானப்படையும் வெளியிடும்போது பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மதில் ஓரம் ஏணி போட்டு எடுக்கும் வேலை வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நிற்கும் விமானம்

பறக்கும் விமானத்துக்கு முன் நிற்கும் விமானத்தை எடுத்துப் பழகுங்கள். பெங்களூரு பழைய விமான நிலையச் சாலையில் எச்.ஏ.எல். நிறுவனத்தின் பாரம்பரிய மையமும் விமான அருங்காட்சியகமும் இருக்கின்றன. 2001-ல் திறக்கப்பட்டது. தர்மபுரியிலிருந்து ரயிலிலேயே காலையில் போய்விட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம்.

அங்கே எச்.டி-2 பயிற்சி விமானத்தைப் பாருங்கள். வி.எம்.காட்கே தலைமையில் நம் நாட்டிலேயே வடிவமைக்கப்பட்டு 1951-ல் முதன்முதலாகப் பறந்தது. அடுத்து எச்.எஃப்-24 மாருத். ஜெர்மன் வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் இங்கே வந்து நம் பொறியாளர்களோடு சேர்ந்து உருவாக்கிய போர் விமானம். 1961 ஜூன் 17-ல் முதலில் பறந்தது, 1971 போரில் ராஜஸ்தான் முனையில் பணியாற்றியது. இன்று அது அருங்காட்சியகப் பொருள். நாம் நின்று நிதானமாகப் படம் எடுக்கலாம்.

நிற்கும் விமானத்தை நம் கண் மட்டத்தில் எடுத்தால் பொம்மை மாதிரி இருக்கும். முழங்காலிட்டு, மூக்குப் பக்கம் கொஞ்சம் பக்கவாட்டில் இருந்து எடுங்கள். உருவம் எழுந்து நிற்கும். பின்னணியில் குப்பைத்தொட்டியும் கம்பி வேலியும் வந்தால் இரண்டடி நகர்ந்தால் போதும், மறைந்துவிடும். முழு விமானத்தோடு நிறுத்த வேண்டாம். ஆணித் தலைகள், டயர், உடலில் எழுதியிருக்கும் எச்சரிக்கை வாசகம், விமானி ஏறும் படி, இவையெல்லாம் தனிப் படங்கள். விமானத்தின் பெயர்ப் பலகையையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து எது எது என்று குழம்ப வேண்டியிருக்காது.

பெயர், இடம், தேதி. இந்த மூன்றையும் ஒவ்வொரு படத்தோடும் எழுதி வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மிக்-21 விமானம் 1963-ல் நம் விமானப்படையில் சேர்ந்தது. 2025 செப்டம்பர் 26-ல் சண்டிகரில் அதற்கு விடை கொடுத்தார்கள். 62 ஆண்டுகள்! அதுவரை "இன்னொரு மிக்" என்று அலட்சியமாக எடுத்த படங்கள் எல்லாம் அன்றிலிருந்து ஆவணம். நம் பக்கத்து அரக்கோணத்தில் கடற்படையின் டி.யு-142 என்ற பெரிய கண்காணிப்பு விமானம் கால் நூற்றாண்டு பறந்தது. 2017-ல் ஓய்வு பெற்றது. இப்போது அதைப் பார்க்க விசாகப்பட்டினம் கடற்கரை அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். பறந்த காலத்தில் எடுத்த படம் யாரிடமாவது தேதியோடு இருந்தால் அது பொக்கிஷம்.

பழைய விமானம் ஒன்று பறக்கவும் செய்கிறது. டகோட்டா. 1947 அக்டோபர் 27 அன்று சீக்கியப் படைப்பிரிவின் வீரர்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீநகரில் இறங்கியவை டகோட்டா விமானங்கள். அந்த நினைவாக வி.பி.905 என்ற எண்ணைத் தாங்கி, 'பரசுராமா' என்ற பெயரோடு ஒரு டகோட்டா 2018-ல் விமானப்படையில் சேர்ந்தது. பிரிட்டனில் சீரமைக்கப்பட்ட விமானம் அது. டகோட்டா விமானி ஒருவரின் மகனான ராஜீவ் சந்திரசேகர், தன் தந்தை ஏர் கமடோர் எம்.கே.சந்திரசேகர் சார்பில் அதை நன்கொடையாகக் கொடுத்தார். 2024-ல் மெரினாவில் தலைக்கு மேல் மெதுவாகப் போனதே, அதுதான்.

பறக்கும் விமானம்

இப்போது செயலாளர் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

ஜெட் போர் விமானத்துக்கு ஷட்டர் வேகம் 1/1600 வினாடி அல்லது அதற்கு மேல் வையுங்கள். ஆனால் டகோட்டா, ஹார்வர்ட் போன்ற விசிறி சுழலும் விமானத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் அதே வேகத்தை வைத்தால் விசிறி அசையாமல் உறைந்து நிற்கும். ஆணியில் மாட்டி வைத்த விமானம் மாதிரி இருக்கும். விசிறிக்கு 1/160 முதல் 1/250 வரை போதும். அந்த வேகத்தில் கை ஆடினால் படம் கலங்கும், அதனால் பழக்கம் வேண்டும். நம் மொட்டை மாடியில் பருந்து வட்டமிடும், ராமக்காள் ஏரிப் பக்கம் கொக்கு பறக்கும். அவற்றை இடுப்பைத் திருப்பிப் பின்தொடர்ந்து எடுத்துப் பாருங்கள். கால் நிலையாக இருக்க வேண்டும், முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும், பட்டனை அழுத்திய பிறகும் கேமரா விமானத்தோடு போய்க்கொண்டே இருக்க வேண்டும். கொக்கைப் பிடித்தவருக்கு டகோட்டா சுலபம்.

ஃபோகஸ் முறையைத் தொடர் ஃபோகஸில் வையுங்கள். ஒவ்வொரு கேமராவிலும் அதற்கு ஒவ்வொரு பெயர். உங்கள் கேமராவில் எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே கண்டுபிடித்துவிடுங்கள். வானம் வெளிச்சமாக இருப்பதால் கேமரா ஏமாந்து விமானத்தைக் கருப்பாக்கிவிடும். வெளிச்ச ஈடுகட்டலைக் கூட்டல் பக்கம் முக்கால் முதல் ஒரு படி வரை தள்ளுங்கள். 300 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் தாராளம். முக்காலி வேண்டாம். தலைக்கு மேல் போகும் விமானத்தை முக்காலியில் துரத்த முடியாது, பின்னால் நிற்பவர் காலும் இடறும்.

செல்போன் மட்டும் இருப்பவர்கள் வருத்தப்பட வேண்டாம். செல்போனில் ஜூம் செய்து ஒற்றை விமானத்தைத் துரத்தினால்தான் ஏமாற்றம். சூரிய கிரண் குழுவின் 9 ஹாக் விமானங்கள் சேர்ந்து வந்து மூவர்ணப் புகை விடும்போது ஜூம் இல்லாமல் முழு வானத்தையும் எடுங்கள். கீழே அண்ணாந்து பார்க்கும் உங்கள் பேத்தியின் முகமும் ஓரத்தில் வரட்டும். நீண்ட லென்ஸ் வைத்திருப்பவருக்கு அந்தப் படம் கிடைக்காது.

வெளிச்சம், காற்று இரண்டையும் கவனியுங்கள். பதினோரு மணிக்கு மேல் ஓடுபாதையின் சூடு அலையலையாக எழும். அப்போது தரையை ஒட்டி எடுக்கும் படம் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாக இருந்தாலும் நெளியும். அந்த நேரத்தில் மேலே பறப்பதை எடுங்கள், ஓடுபாதைப் படங்களைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். போர் விமானம் சட்டென்று திரும்பும்போது இறக்கைமேல் வெள்ளை ஆவி படரும் அல்லவா, அது காற்றின் ஈரத்தால் வருவது. கடற்கரையில் நிறையக் கிடைக்கும். பிப்ரவரி மாதப் பெங்களூருவின் வறண்ட காற்றில் குறைவாகத்தான் கிடைக்கும். வரவில்லையே என்று கேமராவைக் குறை சொல்ல வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கை. விமானத்தைப் பின்தொடர்ந்து சூரியனுக்கு நேராக லென்ஸைக் கொண்டுபோகாதீர்கள். கண்ணாடி வழியாகப் பார்க்கும் கேமராவில் கண்ணுக்கே ஆபத்து. அடுத்தது, குழந்தைகளின் காதுக்குக் காதடைப்பான் கட்டாயம். ஜெட் சத்தம் டி.வி.யில் கேட்பது போல இருக்காது.

மெரினா சொன்ன பாடம்

இனி கேமராவை இறக்கும் விஷயம்.

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. விமானப்படையின் 92-வது ஆண்டு விழாவை ஒட்டி மெரினாவில் வான் சாகசம். சென்னையில் அப்படி ஒன்று 2003-க்குப் பிறகு அப்போதுதான் நடந்தது. 72 விமானங்கள். ஏறத்தாழ 15 லட்சம் பேர் கூடினார்கள் என்று செய்திகள் குறித்தன. நிகழ்ச்சி 11 மணிக்கு, ஆனால் நல்ல இடம் பிடிக்க மக்கள் காலை எட்டு மணிக்கே மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு மணிக்கு முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். சாலையும் பறக்கும் ரயில் நிலையங்களும் திணறின. அன்று 5 பேர் இறந்தார்கள். மயங்கி விழுந்து மருத்துவமனைக்குப் போனவர்கள் நூற்றுக்கும் மேல்.

படம் எடுப்பவனாக அந்த நாளை யோசித்துப் பார்த்தேன். மெரினாவில் நாம் கிழக்கே கடலைப் பார்த்து நிற்கிறோம். 11 மணிக்குச் சூரியன் முன்பக்கமாக, தலைக்குக் கொஞ்சம் கீழே. நண்பகலில் உச்சி. விமானத்தின் முதுகில் வெளிச்சம், நாம் பார்க்கும் வயிற்றுப் பக்கம் இருட்டு. புகைப்படத்துக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது. உடம்புக்கும் அதைவிட மோசமான நேரம் கிடையாது. படத்தைக் கெடுக்கும் வெயிலும் ஆளைச் சாய்க்கும் வெயிலும் ஒன்றுதான். அதனால் நல்ல படத்துக்காக உயிரைக் கொடுத்து வெயிலில் நின்றேன் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் நம்பாதீர்கள். நண்பகல் வெயிலில் நல்ல படம் இல்லை.

பெரிய நிகழ்ச்சிக்கு முந்தைய நாட்களில் ஒத்திகை நடக்கும். மெரினாவிலும் நடந்தது. அதே விமானங்கள், அதே வானம், கூட்டம் மட்டும் குறைவு. வாய்ப்பிருந்தால் ஒத்திகை நாளுக்குப் போங்கள். முக்கிய நாளுக்குத்தான் போவீர்கள் என்றால் உள்ளே நுழைந்ததும் முதலில் தேட வேண்டியது மூன்று: நிழல், தண்ணீர், வெளியேறும் வழி. கேமராப் பையை அதற்கப்புறம் திறக்கலாம். முடியும் வரை இருக்க வேண்டும் என்று வேண்டுதல் ஒன்றும் இல்லை. இருபது நிமிடம் முன்னதாகக் கிளம்பினால் இரண்டு விமானம் போகும், இரண்டு மணி நேர நெரிசல் மிச்சம். சுவரை வைத்துத்தான் சித்திரம்.

தர்மபுரி வெயிலில் வளர்ந்தவர்கள் நாம், எங்களுக்கு என்ன என்று சிலர் நினைக்கலாம். வெயில் பழக்கம் வேறு, நிழலில்லாத இடத்தில் நெரிசலில் நான்கு மணி நேரம் அசையாமல் நிற்பது வேறு. தலை சுற்றல், வியர்வை நின்று உடம்பு கொதிப்பது, பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த நபரை உடனே நிழலுக்குக் கொண்டுபோய் ஈரத் துணியால் துடைத்து, மருத்துவ முகாமுக்கு ஆள் அனுப்புங்கள். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் கிளம்பும் முன் தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பெங்களூருவில் வெயில் குறைவு, ஆனால் பிப்ரவரியில் புல் காய்ந்திருக்கும். 2019 பிப்ரவரி 23 அன்று ஏரோ இந்தியா பார்க்கிங் பகுதியில் தீப்பிடித்து சுமார் 300 கார்கள் எரிந்தன. எனவே வண்டியில் லேப்டாப்பையோ சான்றிதழையோ விட்டுவிட்டுப் போகாதீர்கள். காய்ந்த புல்மேல் சூடான வண்டியை நிறுத்த வேண்டாம் என்று டிரைவரிடமும் சொல்லுங்கள்.

எங்கே நிற்கலாம், எங்கே கூடாது

கண்காட்சியில் கயிறு கட்டியிருப்பார்கள். அந்தக் கோட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1988 ஆகஸ்ட் 28 அன்று ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்தில் இத்தாலிய சாகசக் குழுவின் விமானங்கள் மோதி, ஒன்று கூட்டத்துக்குள் விழுந்தது. 70 பேர் இறந்தார்கள். விமானம் கூட்டத்தை நோக்கிச் சாகசம் செய்யக் கூடாது, மக்கள் இத்தனை தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்ற விதிகள் பல நாடுகளில் அதற்குப் பிறகு இறுகின. கோட்டைத் தாண்டி பத்தடி முன்னால் போனால் படத்தில் ஒரு மாற்றமும் தெரியாது.

தளத்துக்கு வெளியே நின்று எடுப்பதில் சட்டம் குறுக்கே வரும். 1923-ம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. படைத் தளங்கள் 'தடை செய்யப்பட்ட இடங்கள்'. நாட்டின் பாதுகாப்புக்குக் கேடான நோக்கத்தோடு அவற்றின் படமோ வரைபடமோ எடுத்ததாக வழக்கு நிரூபணமானால் 14 ஆண்டு வரை சிறை. நம் நோக்கம் நல்ல நோக்கம்தான். ஆனால் அதைக் காவல் நிலையத்தில் உட்கார்ந்து விளக்குவது யாருக்கும் பிடித்த பொழுதுபோக்கு அல்ல. 2001-ல் கிரேக்க நாட்டில் கலாமாட்டா தளத்துக்கு விமானம் பார்க்கப் போன 12 பிரிட்டிஷ்காரர்களும் 2 டச்சுக்காரர்களும் உளவாளிகள் என்று கைதாகிப் பல வாரம் சிறையில் இருந்தார்கள். மேல்முறையீட்டில் விடுதலை கிடைக்க ஒரு வருடம் ஆனது.

2025-க்குப் பிறகு நம் நாட்டிலும் கட்டுப்பாடு கூடியிருக்கிறது. பாதுகாப்பு நடவடிக்கைகளை நேரலையாகக் காட்ட வேண்டாம் என்று 2025 ஏப்ரல் 26-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஊடகங்களுக்கும் சமூக வலைத்தளப் பயனர்களுக்கும் அறிவுறுத்தியது. மே மாதம், மேற்கு எல்லையை ஒட்டிய கூட்டுப் பயன்பாட்டு விமான நிலையங்களில் 10,000 அடிக்குக் கீழே பயணிகள் ஜன்னல் திரையை இறக்கி வைக்க வேண்டும், அங்கே படம் எடுக்கக் கூடாது என்ற உத்தரவு வந்தது.

ஆகவே நமக்கு விதி எளிது. பொதுமக்களை அழைத்த இடத்தில், அழைத்த நாளில், அழைத்த பக்கம் பார்த்து எடுங்கள். வானத்தில் பறப்பதை எடுங்கள், கொட்டகை, ராடார், காவல் கோபுரம் வேண்டாம். டிரோன் எடுத்து வரவே வேண்டாம். சாலையில் படை வாகன வரிசை போனால் எண்ணிக்கை, நேரம், இடம் சேர்த்து ஸ்டேட்டஸ் போடாதீர்கள். போலீஸோ ராணுவத்தினரோ கேமராவைக் காட்டச் சொன்னால் வாதாடாமல் காட்டுங்கள்.

படத்தைப் பகிரும்போதும் கவனம் வேண்டும். 2025 மே மாதத்தில் பழைய காட்சிகளையும் கம்ப்யூட்டர் விளையாட்டுக் காட்சிகளையும் "இன்று நடந்த தாக்குதல்" என்று பரப்பினார்கள். நம் குழுவுக்கும் வந்தது, நினைவிருக்கும். நாம் எடுக்கும் சாகசப் படமும் நாளை அப்படி வேறு வேஷம் போட்டு வரலாம். படத்தின் மேலேயே இடமும் ஆண்டும் எழுதிவிட்டால் அதைத் திரிப்பது கடினம். பெயர், இடம், தேதி என்று முன்பே சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

அந்த நிமிடம் வந்தால்

சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் விடக் கூடாது.

2019 பிப்ரவரி 19, ஏரோ இந்தியாவுக்கு முந்தைய நாள். எலகங்காவில் ஒத்திகையின்போது சூரிய கிரண் குழுவின் இரண்டு விமானங்கள் மோதின. விங் கமாண்டர் சாஹில் காந்தி இறந்தார். மற்ற இருவர் குதித்துத் தப்பினார்கள்.

2025 நவம்பர் 21. துபாய் விமானக் காட்சியில் சாகசம் செய்துகொண்டிருந்த தேஜஸ் விழுந்தது. விங் கமாண்டர் நமன்ஷ் சியால் இறந்தார். இமாச்சலப் பிரதேசத்துக்காரர், பணி நம் சூலூரில். தன் நிகழ்ச்சியைப் பார்க்கும்படி அவர் தந்தையிடம் சொல்லியிருந்தார். தந்தை யூடியூபில் மகனின் சாகசத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் விபத்துச் செய்தி கண்ணில் பட்டது என்று பத்திரிகைகள் எழுதின. அதிகாரிகள் வந்து வீட்டுக் கதவைத் தட்டும் முன்பே செய்தி திரையில் வந்துவிட்டது.

அந்தக் காட்சியைக் கூட்டத்தில் நின்று படம் பிடித்தவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. விமானத்தைப் பின்தொடர்ந்துகொண்டிருந்த கை, நிற்காமல் தொடர்ந்திருக்கிறது. அது இயல்பு. பிடித்ததில் தவறில்லை. விசாரணைக்கு அந்தப் பதிவு உதவும். அதன் பிறகு விரல் எங்கே போகிறது என்பதில்தான் நாம் யார் என்று தெரியும்.

நம் வேனில் வரும் எல்லோரும் ஒரு சொல் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறேன். அப்படி ஒன்று நம் கண்முன் நடந்தால், பதிவை அழிக்கவும் வேண்டாம், வெட்டி ஒட்டவும் வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். அதிகாரிகள் கேட்டால் மூலக் கோப்பை அப்படியே கொடுப்போம். விழுந்த இடத்தை நோக்கி ஓடாமல், அறிவிப்பைக் கேட்டு, தீயணைப்பு வண்டிக்கு வழி விட்டு வெளியேறுவோம். நம் குடும்பக் குழுவில் "நாங்கள் நலம்" என்று மட்டும் எழுதுவோம். முதலில் போட்டது யார் என்ற போட்டியில் நாம் கடைசியாக இருந்தால் போதும், இல்லாமலே இருந்தால் இன்னும் நல்லது.

அந்த விமானத்தில் இருப்பவர் நம் ஊர்ப் பிள்ளையாகவும் இருக்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எத்தனை வீடுகளில் ராணுவத்துக்குப் போன பிள்ளை உண்டு என்பது உங்களுக்கே தெரியும்.

இனி செய்ய வேண்டியது

சங்கத்துக்கு என் யோசனை இதுதான். ஏரோ இந்தியாவுக்கு முன் எச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போய் வருவோம். பெரியவர்களுக்கு அது வசதி. நிழல் இருக்கிறது, நெரிசல் இல்லை, விமானத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். பார்க்க வந்தது விமானத்தைத்தான், கூட்டத்தை அல்ல என்பவர்களுக்கு அதுவே நிறைவாக இருக்கும். ஏரோ இந்தியாவுக்கு நடக்கவும் நிற்கவும் முடிந்தவர்கள் மட்டும் வரட்டும். பத்து வயதுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் கேமரா தூக்காத ஒரு பெரியவர் பொறுப்பு. கேமரா கையில் இருப்பவரின் கண் வானத்தில் இருக்கும், பிள்ளையின் கை யார் பிடியிலும் இருக்காது.

ஒன்றை எதிர்பார்த்துப் போய் ஏமாறவும் தயாராக இருங்கள். 2025-ல் சாரங் குழுவைப் பார்க்கப் போனவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அந்த ஜனவரியில் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் ஹெலிகாப்டர் விழுந்ததால் அந்த வகை ஹெலிகாப்டர்கள் எல்லாமே பறக்காமல் நிறுத்தப்பட்டிருந்தன. பாதுகாப்புக்காகப் பறக்கவில்லை என்றால் அதற்கும் கை தட்டிவிட்டு வருவோம்.

வரும் ஞாயிறு முதல் காலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் பயிற்சி. கேமரா இருப்பவர்கள் கேமராவோடும், இல்லாதவர்கள் செல்போனோடும் வாருங்கள். ஏழரைக்கு வெயில் ஏறும் முன் இறங்கிவிடுவோம். பெயர்ப் பட்டியல் செயலாளரிடம் இருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய வீட்டு எண்ணையும் எழுதிவிடுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். எந்த கேமரா வாங்கலாம் என்ற கேள்வியை மட்டும் தேநீருக்குப் பிறகு வைத்துக்கொள்வோம். அது ஆரம்பித்தால் இரவு ஆகிவிடும்.